கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட்!

"மடியில் வரப்போகிற குழந்தைக்கு எதுக்குடி பாஸ்போர்ட்?" என்று கேட்டார் என் மாமியார். பிரசவத்துக்கு வந்த என் பெண் நாலாம் மாதம் மஸ்கட் திரும்பணும். மடியில் வந்தாலும் பேரனுக்குத் தனிப் புத்தகம் வேண்டுமாம்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால், ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அத்தை ஒரு பெயர், பாட்டி ஒரு பெயர் என்று இழுத்தடித்தால் எல்லாமே நின்றுவிடும். இங்கிலீஷ் எழுத்துக்களையும் அப்போதே சரி பாருங்கள்.

அனெக்சர் 'டி' என்ற உறுதிமொழியில் தாய், தகப்பன் இருவர் கையெழுத்தும் வேண்டும். மாப்பிள்ளை லீவு முடிந்து கிளம்புவதற்குள் இந்த வேலைகளை முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நாலு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு போட்டோவை நாமே கொண்டு போகணும்; வெள்ளைப் பின்னணி, 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர். வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்து மேலிருந்து எடுத்தோம். திருஷ்டிப் பொட்டை அழித்துவிடுங்கள், அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையின் கையெழுத்து? பெருவிரல் ரேகைதான்! ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது. விழித்திருக்கிற குழந்தை விரலைப் பிரிக்கவே விடாது. பால் குடித்துக் கண்ணயர்ந்தால் கை தானே விரியும். மையைச் சட்டுனு துடையுங்கள்; அடுத்த நிமிஷம் விரல் வாயில்!

கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயசு வரை புது பாஸ்போர்ட்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருஷம் செல்லும். பள்ளிக்கூடம் போகிற வரை இந்தப் பொக்கை வாய்ப் படம்தான்.