யானைமலை தெரிஞ்சா டப்பாவைத் திற: ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனின் காலைச் சாப்பாடு

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அக்கா பையன். மேலூர் பக்கம் கிராமம், ஸ்கூல் மதுரை டவுனுக்குள்ள, ஒன்பதாவது. 7.10 பஸ்ஸைப் பிடிக்கணும்னு வீட்ல சாப்பிடாம ஓடிருவான். ஸ்கூல் பக்கத்துப் பெட்டிக்கடையில பத்து ரூபா சிப்ஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ். அதான் காலைச் சாப்பாடு. மூணு மாசம் முன்னாடி ப்ரேயர்ல மயங்கி விழுந்துட்டான். ஹீமோகுளோபின் கம்மின்னு சொன்னாங்க.

நான் இன்ஜினியர் இல்லையா, உடனே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு. பொறுமையா பார்த்துட்டு, "மாமா, இதெல்லாம் எங்க சயின்ஸ் புக்லயே இருக்கு. அஞ்சு மார்க் கொஸ்டின்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ஐசக் ஐசன்னு ஒரு உளவியலாளர். 1991-ல அவர் எழுதின கட்டுரையில 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு'ன்னு ஒன்னை விரிவா விளக்குறார். ஒருத்தர் ஒரு காரியத்தைச் செய்ய நினைக்கிறதுக்குப் பின்னாடி மூணு விஷயம் இருக்கு: அதைப் பத்தி அவருக்கு இருக்கற அபிப்பிராயம், சுத்தி இருக்கறவங்க என்ன நினைப்பாங்கங்கறது, அது தன்னால முடியும்ங்கற நம்பிக்கை. நான் முட்டி மோதினது முதல் விஷயத்துல மட்டும். அங்க பிரச்சினையே இல்லை. காலையில சாப்பிடறது நல்லதுன்னு அவனுக்கே தெரியும். ஆனா டிபன் டப்பா தூக்கிட்டுப் போறது 'சின்னப் பசங்க வேலை'. அக்கா வீட்ல இட்லி வேகுறப்போ மணி 7.15, பஸ் போயிருக்கும். ரெண்டாவதும் மூணாவதும்தான் அடைப்பு.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நம்ம ஊர் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்க. 2022 செப்டம்பர் 15, சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வச்சார். முதல் கட்டத்துல 1,545 பள்ளி, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பிள்ளைங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு கிழமைக்கு ஒன்னு, காய்கறி சாம்பாரோட. அங்க யாரும் யாருக்கும் பாடம் எடுக்கலை. வகுப்பே ஒன்னா உட்கார்ந்து சாப்பிடுது, அதனால கூச்சம் கிடையாது. அம்மா அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிட்டாலும் தட்டு காலியா இருக்காது. 2023 ஆகஸ்ட் 25-ல திருக்குவளையில தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போயிருச்சு. எனக்கு இதுல ஒரே குறை, அஞ்சாம் வகுப்போட நின்னுடுது. கையில பாக்கெட் மணி வர்றதே அதுக்கப்புறம்தானே?

சட்டமும் ஓரளவுக்குத்தான். பள்ளி வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பிள்ளைங்களுக்கு விக்கக்கூடாதுன்னு 2020-ல விதிமுறை வந்துச்சு. அந்தப் பெட்டிக்கடையை நான் காலடி வச்சு அளந்தேன். எழுபது தேறும்!

இந்தத் துறையில கண்ணை மூடிட்டு எதையும் நம்பிடாதீங்க. ஆப்பிள்ல எல்மோ பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினா பிள்ளைங்க அதை அதிகமா எடுக்குதுன்னு கார்னெல் பல்கலைக்கழகத்து வான்சிங்க் 2012-ல ஒரு கட்டுரை போட்டார். 2017-ல அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிருச்சு. எட்டுல இருந்து பதினோரு வயசுன்னு சொன்ன பிள்ளைங்க, உண்மையில மூணுல இருந்து அஞ்சு வயசாம்.

டீன் ஏஜ் பசங்களுக்கு வேற வழி ஒன்னு இருக்கு. 2016-ல வெளியான ஆய்வு, அமெரிக்காவுல டெக்சாஸ்ல எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க. 'உடம்புக்கு நல்லது'ன்னு சொல்லாம, கம்பெனிங்க உங்களை எப்படி ஏமாத்தி நிறைய தின்ன வைக்குதுன்னு படிக்கக் கொடுத்தாங்க. மறுநாள் அந்தப் பிள்ளைங்க சர்க்கரைப் பண்டங்களைக் கொஞ்சம் கம்மியா எடுத்தாங்க. நானும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சு, உள்ள பாதிக்கு மேல காத்துதான்னு அவன்கிட்ட காட்டினேன். "அப்போ காத்துக்கா மாமா காசு கொடுக்கறேன்?"னு கோவப்பட்டான். கோவம் ரெண்டு நாள் தாங்குச்சு.

தாங்கினது வேற ஒன்னு. பீட்டர் கோல்விட்சர்னு இன்னொரு உளவியலாளர் சொல்றது நம்ம கோடிங்ல வர்ற இஃப் கண்டிஷன் மாதிரியே இருக்கும்: இது நடந்தா, அதைச் செய்வேன். 'தினமும் சாப்பிடுவேன்'னு பொதுவா முடிவெடுக்காம, எப்போ, எங்கேன்னு கட்டிப் போடறது. அக்கா முந்தின ராத்திரியே முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை சுட்டு வச்சிடறா. பஸ் ஜன்னல்ல யானைமலை தெரிஞ்சா டப்பாவைத் திறக்கணும். இந்த விதியை எழுதினது நான் இல்லை, அவனே. அதே பஸ்ல வர்ற ரெண்டு சிநேகிதனுக்கும் சேர்த்து ஆறு அடை போகுது. மூணு பேர் தின்னா அது சின்னப் பசங்க வேலை இல்லையாம்.

இப்போ வாரத்துல நாலு நாள் அடை. வெள்ளிக்கிழமை மட்டும் சிப்ஸ். அக்கா அதுக்கும் திட்டறா, நான்தான் விடச் சொல்லியிருக்கேன். மாத்திரையும் ஓடிட்டிருக்கு, டாக்டர் நிறுத்தச் சொல்லலை. அடுத்த ரத்தப் பரிசோதனை வர்ற மாசம், ரிசல்ட்டை இங்கயே சொல்றேன்.