ஒரே பாட்டுக்கு எத்தனை முறை பணம்? ராக் இசைத்தட்டுகளின் பொன்விழாப் பெட்டிகள்

பிங்க் ஃபுளோய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 மார்ச்சில் வெளிவந்தது. முழுதும் கேட்க ஏறக்குறைய 43 நிமிடம் ஆகும். அந்த 43 நிமிடத்தை ஒரு தீவிர ரசிகர் இதுவரை எத்தனை முறை காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலில் எல்பி. அது தேய்ந்ததும் கேசட். அடுத்துச் சிடி. 1993இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு. 2003இல் முப்பதாம் ஆண்டுக்கு, சுற்றிலும் ஒலிக்கும் எஸ்ஏசிடி. 2011இல் ஆறு வட்டுகளோடு கழுத்துத்துணி, கோலிக்குண்டு எல்லாம் வைத்த 'இம்மர்ஷன்' பெட்டி. 2023இல் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி. பாட்டு மாறவில்லை. பெட்டிதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

இப்படிப் பழைய ராக் இசைத்தட்டுகளை ஆண்டு நிறைவையொட்டி ஆடம்பரப் பதிப்பாக மீண்டும் வெளியிடுவது இன்று பெரிய வணிகம். விலை சில நூறு வெள்ளியில் தொடங்கும். பெரிய பெட்டி என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அறுபது, எழுபதுகளில் வானொலியிலும் கேசட்டிலும் இந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, கையில் கொஞ்சம் சேமிப்போடு இருக்கிறார்கள். பெட்டிகள் அவர்களைக் குறிவைத்தே வருகின்றன. எது வாங்கத் தகுந்தது, எது வெறும் அட்டை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் சேமிப்பு கரைந்துவிடும்.

ஐம்பதாம் ஆண்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

பொன்விழா என்ற கொண்டாட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் பதிவு செய்து 50 ஆண்டுக்குள் வெளியிடாமல் பெட்டகத்திலேயே கிடக்கும் நாடாவுக்கு அந்தச் சலுகை இல்லை. காலம் கடந்தால் உரிமை போய்விடும்.

இதன் விளைவு உடனே தெரிந்தது. 2012 இறுதியில் பாப் டிலனின் வெளிவராத பழைய பதிவுகள் ஐரோப்பாவில் சுமார் நூறு பிரதிகள் மட்டும் விற்பனைக்கு வந்தன. அந்தத் தொகுப்பின் தலைப்பிலேயே 'காப்புரிமை நீட்டிப்பு' என்று வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள். மறு ஆண்டு பீட்டல்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டுப் பதிவுகள் 59, ஐடியூன்ஸ் வழியாகச் சத்தமில்லாமல் வெளிவந்தன. ரசிகருக்குக் காட்டும் அன்பைப் போலவே, உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளும் அக்கறையும் இத்தகைய வெளியீடுகளில் உண்டு.

இதோடு கணக்கும் ஒத்துப்போகிறது. புதிய பாடகருக்குச் செய்யும் செலவு இதில் கிடையாது. நாடா கையில் இருக்கிறது. வாங்கப் போகிறவர் யார் என்பதும் தெரியும். 2019இல் பீட்டல்ஸின் 'அபே ரோட்' ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மீண்டும் முதலிடத்துக்கே வந்தது.

ரிமாஸ்டர் வேறு, ரிமிக்ஸ் வேறு

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இந்த இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கொதித்து இறக்கிய சாம்பாரில் உப்பு, புளி சரிபார்த்துப் பரிமாறுவது ரிமாஸ்டர். அதாவது கலவை முடிந்த இறுதி நாடாவை எடுத்து, ஒலியின் அளவையும் கூர்மையையும் மட்டும் திருத்துவது. காய், பருப்பு, மசாலா என்று தனித்தனியாக எடுத்து மறுபடி சமைப்பது ரிமிக்ஸ். குரல், கிதார், பறை என்று தனித்தனியே பதிவான தடங்களுக்கே போய், எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒலிக்க வேண்டும் என்று புதிதாகத் தீர்மானிப்பார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பீட்டல்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. 1967இல் வெளிவந்த இந்த இசைத்தட்டு, நான்கு தடம் மட்டுமே கொண்ட நாடா இயந்திரத்தில் பதிவானது. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றி இடம் உண்டாக்கினார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒலி கொஞ்சம் மங்கியது. அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஒலிபெருக்கி. அதனால் குழுவினர் மோனோ கலவையில் முழுக் கவனம் வைத்தார்கள். ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமலே வேகமாக முடிந்தது. பிற்காலத்தில் உலகம் கேட்டதோ பெரும்பாலும் அந்த ஸ்டீரியோவைத்தான்.

2017இல், முதல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், ஒலிப்பொறியாளர் சாம் ஒகெல் ஆகிய இருவரும் மாற்றத்துக்கு முந்திய முதல் தலைமுறை நாடாக்களைத் தேடி எடுத்து, மோனோவை வழிகாட்டியாக வைத்துப் புதிய ஸ்டீரியோ கலவை செய்தார்கள். 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டு மோனோவில் சற்று வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் இருக்கும். பழைய ஸ்டீரியோவில் அது மந்தமாக இழுத்தது. புதிய கலவையில் மோனோவின் வேகத்துக்கே திரும்பியது. குழு விரும்பியபடி ஸ்டீரியோவில் கேட்க ரசிகர்கள் ஐம்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

பெட்டிக்குள் இந்தியக் கலைஞர்கள்

அந்த 2017 பெட்டியில் நான்கு சிடி, ஒரு டிவிடி, ஒரு புளூ-ரே, 144 பக்க நூல் இருந்தன. அதில் இந்திய இசை அறிந்தவர்கள் அவசியம் கேட்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'விதின் யூ விதவுட் யூ' பாட்டில் தில்ருபா, தபலா, தம்புரா வாசித்தவர்கள் லண்டனில் வாழ்ந்த இந்தியர்கள். 1967 அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. மேற்கத்திய வயலின்களும் குரலும் சேர்வதற்கு முன் அவர்கள் மட்டும் வாசித்த பதிவு இந்தப் பெட்டியில் தனியாக இருக்கிறது. வாசிக்க வேண்டியதை ஹாரிசன் அவர்களுக்குச் சொல்லிக்காட்டும் பதிவும் இருக்கிறது.

அட்டைக்கும் ஓர் இந்தியக் கதை உண்டு. புகழ்பெற்றவர்கள் கூட்டமாக நிற்கும் அந்தப் படத்தில் பரமஹம்ச யோகானந்தர் உள்ளிட்ட இந்திய ஞானிகள் இருக்கிறார்கள். காந்தியும் இருந்தார். இந்தியர்கள் மனம் புண்படும், இந்தியச் சந்தையில் சிக்கல் வரும் என்று அஞ்சிய இஎம்ஐ நிறுவனத் தலைவர் அவரை நீக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு பாட்டு எப்படி உருவானது, யார் கை பட்டது என்று காட்டும் இத்தகைய பதிவுகள்தாம் ஆடம்பரப் பெட்டியின் உண்மையான மதிப்பு. 2018இல் வந்த 'ஒயிட் ஆல்பம்' பெட்டியும் அப்படித்தான். 1968 மே மாதம் ஹாரிசனின் வீட்டில் குழுவினர் எளிய முறையில் பதிவு செய்த 27 ஒத்திகைப் பாடல்கள் அதில் முழுமையாகக் கிடைத்தன. 2022இல் 'ரிவால்வர்' வந்தபோது தொழில்நுட்பம் இன்னும் ஒரு படி போயிருந்தது. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய கணினி முறை, ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்த கிதாரையும் பறையையும் பிரித்துக் கொடுத்தது. சமைத்து முடித்த சாம்பாரிலிருந்து காயைக் காயாகவே திரும்ப எடுத்ததுபோல.

எங்கே ஏமாற இடம் உண்டு?

முதலாவது, பழைய சரக்கே திரும்ப வருவது. 'டார்க் சைட்' 2023 பெட்டியில் பெருமையாகச் சொல்லப்பட்ட 1974 வெம்பிளி நேரடி நிகழ்ச்சி, 2011 பெட்டியிலேயே இடம்பெற்றது. முந்திய பெட்டி வைத்திருப்பவர் பாட்டுப் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக இருப்பது ஒரு வட்டு என்றால், அந்த ஒரு வட்டுக்குத்தான் முழுப் பெட்டியின் விலையையும் கொடுக்கிறோம் என்று பொருள்.

இரண்டாவது, சத்தம். 1990களிலிருந்து வந்த ரிமாஸ்டர்கள் பலவற்றில், மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே அளவுக்குத் தூக்கிவிட்டார்கள். கேட்ட உடனே பளிச்சென்று இருக்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். இந்த வகையில் புதிய பதிப்பைவிட 1980களின் சாதாரணச் சிடியே இதமாக ஒலிப்பதும் உண்டு.

மூன்றாவது, விளம்பர வாசகம். முழுக்க அனலாக் முறையில், அசல் நாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் எல்பிகள் பலவற்றில், இடையே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022இல் வெளிப்பட்டது. வழக்கு எழுந்து, சமரசத்தில் முடிந்தது. அதுவரை அந்த எல்பிகளின் ஒலியைப் புகழாத ஆளில்லை. அட்டையில் எழுதியிருப்பதைவிடக் காது சொல்வதை நம்பலாம் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

நான்காவது, முதலீடு என்ற ஆசை. ரிங்கோ ஸ்டார் வைத்திருந்த 'ஒயிட் ஆல்பம்' 2015 ஏலத்தில் 7,90,000 அமெரிக்க டாலருக்குப் போனது. ஆனால் அது 1968இன் அசல். வரிசை எண் 0000001. வைத்திருந்தவர் அந்தக் குழுவின் உறுப்பினரே. ஆண்டு நிறைவுப் பெட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கையிருப்பு தீர்ந்ததும் விலை ஏறும். நிறுவனம் மீண்டும் அச்சிட்டால் ஏறிய விலை இறங்கிவிடும். நிலம் வாங்குவதுபோல் நினைத்துப் பெட்டி வாங்குவது சரிவராது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிய கலவைகளும் பல ஒத்திகைப் பதிவுகளும் இப்போது கைப்பேசிச் செயலிகளிலேயே கிடைக்கின்றன. முதலில் அங்கே ஒரு வாரம் கேட்கலாம். ஒத்திகைப் பதிவை ஒரு முறைக்கு மேல் கேட்க மனம் வரவில்லை என்றால், பெட்டி அலமாரியை அடைக்கத்தான் உதவும்.

பெரிய பெட்டிக்கும் சாதாரணச் சிடிக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' 2017இல் இரண்டு சிடி பதிப்பாகவும் வந்தது. 2014 முதல் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் வந்த லெட் செப்லின் வரிசையிலும், அசல் ஒரு சிடி, வெளிவராத பதிவுகள் ஒரு சிடி என்று எளிய பதிப்பு கிடைத்தது. பலருக்கு அதுவே போதும்.

வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்பதும் முக்கியம். புளூ-ரே இயந்திரமும் ஐந்து, ஆறு ஒலிபெருக்கிகளும் இல்லாத வீட்டில் சரவுண்ட் வட்டு உறையைவிட்டு வெளியே வராது. எல்பி வாங்குபவரிடம் நல்ல ஊசி பொருத்திய சுழலி இருக்க வேண்டும். மலிவான சூட்கேஸ் சுழலியில் விலை உயர்ந்த எல்பியைச் சுற்றவிடுவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போவதற்குச் சமம்.

பழைய பெட்டியைப் பிறரிடம் வாங்கும்போது வட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நூல், சுவரொட்டி ஒன்று குறைந்தாலும் விலை குறையும். எந்தப் பதிப்பு என்பதைப் பட்டைக்குறியீடும், எல்பியின் உள்வளையத்தில் பொறித்த எண்ணும் சொல்லும். டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால், முன்பு எவ்வளவுக்கு விற்றது என்பதும் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மலேசியாவில் 2024 ஜனவரி முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத இணையவழி இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சிங்கப்பூரில் 2023 முதல் மலிவு விலை இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி விதிக்கப்படுகிறது. பெட்டிகள் கனமானவை என்பதால் அஞ்சல் செலவும் அதிகம்.

வெக்கையும் ஈரமும்

வாங்கிய பிறகு பாதுகாப்பது இன்னொரு வேலை. நம் நாட்டு வெக்கையில் மூடிய காரில் ஒரு மதியம் கிடந்தால் எல்பி வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. எல்பிகளைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம்போல் நேராக நிறுத்த வேண்டும். சுவரோடு ஒட்டிய அலமாரியில் மழைக்கால ஈரம் ஏறி அட்டையில் பூஞ்சை பிடிக்கும். நான்கு விரல் இடைவெளி விட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை உள்ளே வைத்து, அவ்வப்போது மாற்றலாம். கெட்டியான பிவிசி உறைகளைத் தவிர்ப்பது நல்லது. வெப்பத்தில் அவை வட்டின் மேல் புகைபோல் படலம் விட்டுவிடும். பாலித்தீன் உறைகள் பாதுகாப்பானவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிக்காமல் பாதுகாக்கும் பழக்கத்தை விட வேண்டும். பளபளப்புத் தாளைக்கூடக் கிழிக்காமல் வரிசையாக அடுக்கிவைத்தால், பார்க்க அழகாக இருக்கும்; கேட்க ஒன்றும் இருக்காது. அன்று அட்டையில் பெயர் இடம்பெறாத ஒருவர் லண்டனில் மீட்டிய தில்ருபாவை ஐம்பது ஆண்டு கழித்துத் தனியாகக் கேட்க முடிவதுதான் இந்தப் பெட்டிகள் தரும் பேறு. அதற்குப் பணம் கொடுத்தவர், பெட்டியைத் திறந்து பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால், செலவழித்த காசு வீணாகாது.