மின்சாரக் காருக்குக் காப்பீடு: வாங்குமுன் ஒரு கணக்கு

2023ஆம் ஆண்டு டிசம்பர் திங்களின் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னை மாநகரை நீரில் ஆழ்த்தியது. அதன்பின் இரண்டு வாரங்களுக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பிளந்தாற்போல் மழை கொட்டித் தீர்த்தது. வெள்ளம் வடிந்ததும் வீடுகளைக் கழுவித் தூய்மை செய்த மக்கள், வாசலில் சேறு படிந்து நின்ற வாகனங்களைக் கண்டு பெருமூச்செறிந்தனர்.

நாம் அறிந்த ஓர் ஆசிரியர் குடும்பமும் அவ்வாறு பெருமூச்செறிந்த குடும்பங்களுள் ஒன்று. கணவனும் மனைவியும் வங்கிக் கடன் பெற்று மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருந்தனர். வாங்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கு இன்சூரன்ஸ் கட்டியாயிற்று என்ற நிம்மதியில் அவர்கள் இருந்தனர். வெள்ளத்துக்குப் பின் பாலிசித் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. மூன்றாண்டுக் காப்பு பிறருக்கு நேரும் இழப்புக்கு மட்டுமே உரியது. தம் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு ஓராண்டோடு முடிந்து, நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கார் போயிற்று, கடன் தவணை மட்டும் மாதந்தவறாமல் வந்து நின்றது.

இத்தகைய வேதனை வேறோர் இல்லத்துக்கு நேரலாகாது என்பதாலேயே, மின்சாரக் காருக்கான காப்பீட்டைப் பற்றி இங்குச் சற்று விரிவாகச் சிந்திக்க விழைகிறோம்.

இருவகைக் காப்பு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம் வாகனத்தால் பிறர் உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் விளையும் கேட்டுக்கு ஈடு செய்வது அது. 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற ஆணையின்படி, புதிய கார்களுக்கு இக்காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். நம் காருக்கே நேரும் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கான சொந்தச் சேதக் காப்பீடு வேறு. அதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. புதிய கார் வாங்குவோர்க்கு வழக்கமாக முதல் ஓராண்டுக்கே அது அளிக்கப்படுகிறது. பிறகு ஆண்டுதோறும் நாமே நினைவாகப் புதுப்பிக்க வேண்டும்.

சலுகையும் சுமையும்

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் வைப்பதில்லை, அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் மின்சாரக் கார்களுக்கு 15 விழுக்காடு சலுகை வழங்கப்பட்டது. அதன்படி ஓராண்டுக் கட்டணம், மோட்டாரின் திறன் 30 கிலோவாட்டுக்கு மிகாத கார்களுக்கு ரூ. 1,780; 30க்கு மேல் 65 வரை ரூ. 2,904; 65க்கு மேற்பட்டவற்றுக்கு ரூ. 6,712. பெட்ரோல், டீசல் கார்களுக்கோ எஞ்சின் அளவைக் கொண்டு 1000 சி.சி. வரை ரூ. 2,094, 1500 வரை ரூ. 3,416, அதற்குமேல் ரூ. 7,897 என்று வகுக்கப்பட்டது. இவற்றின்மீது 18 விழுக்காடு வரியும் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் மின்சாரக் காருக்கே ஆதாயம் எனத் தோன்றும். ஆனால் ஒரே பெயரில் இருவகையாக வந்த கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020இல் வந்த டாட்டா நெக்சான் மின்சாரக் காரின் மோட்டார் திறன் 95 கிலோவாட். ஆகவே அது மேல்தட்டில் விழுந்து ரூ. 6,712 கட்ட வேண்டியதாயிற்று. அதே பெயருடைய பெட்ரோல் கார் 1199 சி.சி. ஆதலால் ரூ. 3,416 மட்டுமே கட்டிற்று. சலுகை பெற்ற வண்டி, சலுகையில்லா வண்டியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு செலுத்தும் விந்தை இது! மாறாக, டியாகோ மின்சாரக் கார் போன்ற சிறிய வண்டிகள் நடுத்தட்டில் அமைந்துவிடுகின்றன.

கட்டணத்தைத் தீர்மானிப்பது மோட்டாரின் திறனான கிலோவாட். பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் கிலோவாட் மணி அன்று. விற்பனையகத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

பேட்டரி எனும் பெருஞ்செல்வம்

சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணம், பாலிசியில் குறிக்கப்படும் காரின் மதிப்பைப் பொறுத்தது. மின்சாரக் காரின் விலை பெரும்பாலும் கூடுதல். எனவே கட்டணமும் கூடுதல். அவ்விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே உரியது. அது பெரும்பாலும் வண்டியின் அடித்தளத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அடியில் ஒரு கல் பலமாக மோதினால்கூட, சிறு பழுதாக முடிய வேண்டியது முழுப் பேட்டரியையும் மாற்றும் செலவாக வளரலாம். உயர் மின்னழுத்தத்தைக் கையாளப் பயின்ற பணியாளர்களும் பணிமனைகளும் குறைவாயிருப்பதும் செலவை உயர்த்துகிறது.

பேட்டரிக்குத்தான் எட்டு ஆண்டு உத்தரவாதம் உண்டே என்று கேட்கலாம். உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு உரியது. விபத்துக்கும் வெள்ளத்துக்கும் அன்று. மறுபுறம், வழக்கமான கார் பாலிசி தீயையும் வெள்ளத்தையும், தானே தீப்பற்றுவதையும்கூட ஏற்கிறது. ஆனால் தேய்மானத்தையும் மின் பழுதையும் பின்விளைவு இழப்பையும் விலக்கிவிடுகிறது. நின்ற காரில் வெள்ளம் புகுந்தால் அது வேறு. தேங்கிய நீர் என்று தெரிந்தும் காரைச் செலுத்திக் கெடுத்தால், பின்விளைவு என்று சொல்லி ஈடு மறுக்க இடமுண்டு.

தேய்மானக் கணக்கையும் நோக்குவோம். வழக்கமான பாலிசி விதிகளில் பேட்டரிக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுகிறது. சிறிய பேட்டரிகள் மட்டுமே இருந்த காலத்து விதி இது. எடுத்துக்காட்டாக, ஆறு இலட்ச ரூபாய்ப் பேட்டரிக்கு இவ்விதியைப் பொருத்தினால் மூன்று இலட்சம் குடும்பத்தின் தலையில் விழும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பும், பேட்டரிக்கெனத் தனிக் காப்பும் இதற்காகவே விற்கப்படுகின்றன. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் கூடினாலும், மின்சாரக் காருக்கு இவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

சிலர் கட்டணத்தைக் குறைக்க எண்ணிக் காரின் மதிப்பையே குறைத்து எழுதச் செய்கின்றனர். பழுதுச் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைக் கடந்தால் காரை முழு இழப்பாகக் கொண்டு, குறித்த மதிப்பையே தருவர். குறைத்து எழுதியவர் குறைவாகவே பெறுவர்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

கார் வாங்குமுன், பெட்ரோலில் மிச்சமாகும் தொகையைக் கணக்கிடும் அதே தாளில் ஐந்தாண்டுக் காப்பீட்டுச் செலவையும் எழுதுங்கள். விற்பனையகம் நீட்டும் பாலிசியை மட்டும் ஏற்காமல், வேறு இரு நிறுவனங்களிடமும் விலை கேளுங்கள். பேட்டரிக்குத் தேய்மானம் கழிப்பீர்களா, வீட்டில் பொருத்திய சார்ஜருக்குக் காப்பு உண்டா, அருகில் எந்தப் பணிமனை உண்டு என்று எழுத்தில் பதில் பெறுங்கள்.

பழைய காரை இழப்பீடு கோராமல் ஓட்டியவர்களுக்கு 50 விழுக்காடு வரை தள்ளுபடி சேர்ந்திருக்கலாம். அது காருக்கு உரியதன்று; உரிமையாளருக்கு உரியது. பழையதை விற்கும்போது சான்று பெற்று, புதிய மின்சாரக் காரின் சொந்தச் சேதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடின் அத்தள்ளுபடி மறையும்.

ஈடு மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டா. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துள் தக்க பதில் இல்லையேல், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

மேற்சொன்ன ஆசிரியர் குடும்பம் இன்றும் அக்கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டு நாட்காட்டியில் இப்போது ஒரு தேதி சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கிறது. அது இளைய மகனின் இருசக்கர வாகனத்துக்குச் சொந்தச் சேதக் காப்பு முடியும் நாள். நம் இல்லத்து நாட்காட்டியிலும் அத்தகைய வட்டம் ஒன்று இன்றே இடப்படட்டும்.