காலை எடுத்ததும் நின்ற நடுக்கம்

அப்பாவின் காருக்கு வயது 20. சென்ற விடுமுறையில் தஞ்சோங் மாலிம் தாண்டி, வேகம் 80ஐத் தொட்டதும் நடுங்கியது. "டயர்தான். நாலையும் மாத்திடுவோம்" என்றார் அப்பா. கையிலிருந்ததோ என் அடுத்த பருவக் கட்டணம்.

ஓட்டிக்கொண்டிருந்த நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், நடுக்கம் நின்றது. மிதித்தேன், திரும்பியது. (நான் படிப்பது கணக்கியல். இது மாமா கற்றுத்தந்த சோதனை.) டயர் கோளாறென்றால் காலை எடுத்தாலும் அந்த வேகத்தில் பெரும்பாலும் நடுக்கம் தொடரும். மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் டிரைவ் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு தேய்ந்தால் இப்படி நடுங்கும். சக்கரத்துப் பக்கத்து மூட்டென்றால் வளைவில் 'டக் டக்' சத்தம் கேட்கும்.

பட்டறையில் தூக்கிப் பார்த்தோம். உள்மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தது. ஷாஃப்டை மாற்றினோம், பழைய டயர்களே ஓடுகின்றன. "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்கிறார் அப்பா.