கண்ணைவிட்டு வந்த விழித்திரை

கண்ணுக்குள் விழித்திரை தனியாக வாழ்வதில்லை. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நிறமி அடுக்கு, ஒளியுணர் செல்களுக்கு ஊட்டம் தருகிறது; அவை உதிர்க்கும் பழைய நுனிகளை நாள்தோறும் விழுங்கிவிடுகிறது. பார்வை நரம்பு அதை மூளையோடு பிணைக்கிறது. ஆய்வகத்துக்காக வெட்டியெடுக்கும்போது இந்த இரண்டு உறவும் அறுபடுகின்றன. பிறகு எவ்வளவு சத்தான திரவத்தில் வைத்தாலும், அந்தத் திசு பழையபடி இருப்பதில்லை.

முதலில் அடிபடுபவை கேங்ளியான் செல்கள். பார்வை நரம்பு என்பதே இவற்றின் நீண்ட இழைகளின் கட்டுதான். அது துண்டானதும், எலியின் விழித்திரையில் ஓரிரு வாரங்களுக்குள் பெரும்பாலான கேங்ளியான் செல்கள் மடிகின்றன. குளுக்கோமா என்ற கண்நோயிலும் சாவது இதே செல் என்பதால், மருந்து சோதிப்பவர்களுக்கு இந்த இழப்பே பயன்படுகிறது. அடுத்து ஒளியுணர் செல்களின் ஒளிபிடிக்கும் நுனி குட்டையாகிறது. தாங்கிநிற்கும் முல்லர் செல்கள் தடித்து, வடுவாக மாறத் தொடங்குகின்றன. விழித்திரை விலகிய நோயாளியின் கண்ணிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் முந்திய எதிரி ஆக்சிஜன் பற்றாக்குறை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் வின்பெர்க் குழுவினர் 2022இல் இதைக் காட்டினார்கள். இறந்து ஐந்து மணி நேரத்துக்குள் எடுத்த மனிதக் கண்களில் ஒளியுணர் செல்கள் ஒளிக்குப் பதில் தந்தன. ஆனால் அடுத்த செல்லுக்குச் சேதி போகவில்லை. இருபது நிமிடத்துக்குள் கண்ணை எடுத்து ஆக்சிஜன் கொடுத்தபோது அந்தப் பேச்சும் திரும்பியது.

ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் விழித்திரையின் கதை வேறு. 2011இல் ஜப்பானின் கோபே நகரில் யோஷிகி சசாயும் மொதோட்சுகு எய்ராகுவும் மிதக்கவிட்ட எலிச் செல்கள், யாரும் வடிவம் கொடுக்காமலே, விழித்திரை உருவாகும் கண்கிண்ணமாகக் குழிந்தன. வியக்காமல் இருக்க முடியாத காட்சி! மனிதச் செல்கள் கருவறைக்குரிய நிதானத்தோடு மாதக்கணக்கில் முதிர்கின்றன: நிறம் உணரும் கூம்புச் செல்களில் முதலில் நீலம், பிறகே சிவப்பும் பச்சையும். அந்த மாற்றத்தைத் தூண்டுவது தைராய்டு ஹார்மோன் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தார்கள்.

ஆனால் இந்த வளர்ப்பு விழித்திரையில் ரத்தநாளம் இல்லை; உள்பகுதி பட்டினி கிடக்கிறது. இழை போய்ச்சேர மூளையும் இல்லாததால், இங்கும் கேங்ளியான் செல்களே முதலில் அழிகின்றன. ஆகவே, ஆய்வகத் தட்டில் ஒரு மருந்து வேலை செய்தது என்ற செய்தியைப் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கண்தானத்தில் கிடைக்கும் கருவிழியைப் பொருத்த முடிகிறது. ஆனால் முழு விழித்திரையை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை இன்னும் இல்லை.