மேக் வே ஃபார் டுமாரோ
அமெரிக்கா, 1937. கறுப்பு வெள்ளை. இயக்கம்: லியோ மெக்கேரி

கடனில் வீட்டை இழந்த முதிய தம்பதி ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் பிரிந்து தங்குகிறார்கள். கவனிக்க வேண்டியது தொலைபேசிக் காட்சி. மருமகள் கூடத்தில் சீட்டாட்ட வகுப்பு நடத்திக்கொண்டிருக்க, தாய் லூசி தொலைவிலுள்ள கணவரிடம் உரக்கப் பேசுகிறாள். முதலில் நெளியும் விருந்தினர்கள் மெல்ல ஆட்டத்தை மறக்கிறார்கள். லூசியாக நடித்த பியூலா பாண்டிக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை; ஒப்பனையைவிட அந்தக் குரல்தான் நம்ப வைக்கிறது.

முடிவை மகிழ்ச்சியாக மாற்றச் சொன்ன பாரமவுண்ட் நிறுவனத்துக்கு மெக்கேரி இணங்கவில்லை. படம் ஓடவில்லை. அதே ஆண்டு எடுத்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ நகைச்சுவைப் படத்துக்கு ஆஸ்கார் வாங்கியபோது, தவறான படத்துக்குத் தந்துவிட்டீர்கள் என்றார். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) உருவாக ‘மேக் வே ஃபார் டுமாரோ’வும் ஒரு தூண்டுதல்.