ஊன்மறுத்தலும் உணவச்சமும்

சைவம் என்னும் சொல் சிவசம்பந்தமுடையது எனப் பொருள்படும். தமிழ்நாட்டில் அச்சொல்லுக்கு வேறொரு வழக்கும் உண்டு. புலால் கலவாத உணவினைச் சைவவுணவு என எச்சமயத்தாரும் கூறுவர். ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவொழுக்கத்திற்குப் பெயராய் வழங்குவதால், அவ்வொழுக்கத்தின் பெருமை புலப்படும். அதனை மேற்கொண்டார்க்குரிய பொறுப்பும் உடன் புலப்படும். ஊனுண்ணாமையாகிய விரதம் எதன்பொருட்டு எழுந்தது என்பதனை மறந்து, உண்கலத்தையும் உடனிருந்து உண்பாரையும் பற்றிய அச்சமாக அது குறுகுமாயின், பெயர் நிற்பினும் பொருள் நில்லாது. விரதத்திற்கு வேர் அருளோ, அச்சமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குப் பாலாற்றுப் பகுதி தக்கதோர் இடமாகும். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்றவை. 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களிலும் அமைந்துள்ளன. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பினாற் பதனிடும் முறை பரவிற்று. ஆம்பூரிற் செய்யப்படும் காலணிகள் கடல் கடந்தும் செல்கின்றன. ஞானசம்பந்தர் பாடல்பெற்ற திருவல்லமும், இறைவன் வழித்துணைநாதர் எனப் பெயர்கொண்டு எழுந்தருளிய விரிஞ்சிபுரமும் இப்பகுதியிலேயே உள்ளன.

இங்கு வாழும் ஊனுண்ணா விரதியர்க்குப் பலவகை ஐயங்கள் எழுதல் இயல்பு. கடையில் வாங்கிய சோறு ஊன் சமைத்த கலத்திற் சமைத்ததோ, தோற்சாலையில் உழைப்பார் கையால் தண்ணீர் பெறலாமோ, காலிலுள்ள செருப்பு விரதத்திற்கு முரணாகாதோ, தோலொடு பாலும் அப்பசுவினதே யாகலின் பால் கொள்ளுதல் தகுமோ, மருந்தின் கூட்டுறை விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சிய பசையால் ஆனதோ, ஊனின்றி உடம்பு நலிவுறுமோ என்றிவ்வாறு அவை விரியும். ஒருவர் இவை யனைத்தையும் ஒருங்கே மனத்திற் கொள்வாராயின், உணவு அவர்க்கு இன்பமும் தாராது, வழிபாட்டிற்குத் துணையுமாகாது.

இவ்வையங்களெல்லாம் ஒரே தன்மையன அல்ல. கொலையொடு தொடர்பு நேர்ந்ததோ என்பது ஒன்று. தீட்டு நேர்ந்ததோ என்பது மற்றொன்று. உடம்பிற்குக் கேடு நேருமோ என்பது மூன்றாவது. முதலாவது அருளிற் பிறந்த ஐயம். இரண்டாவது வெறுப்பிற் பிறந்த ஐயம். மூன்றாவது அறியாமையிற் பிறந்து அறிவினால் நீங்குவது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்தலே துன்பத்திற்குக் காரணமாம்.

இவற்றை வேறுபடுத்தி அளத்தற்குக் கோல் யாது எனின், அது சித்தாந்த நூலிலேயே உளது. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞானசித்தியார் சுபக்கத்தில் இரண்டாஞ் சூத்திரத்தின்கண் வினையின் இயல்பு கூறுமிடத்து, நல்வினை தீவினைகளை இதம், அகிதம் என்னும் சொற்களால் விளக்கினார். உயிர்கட்கு உறுதி பயப்பது இதம். அவ்வாறு பயவாது ஊறு விளைப்பது அகிதம். அவை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் செய்யப்படும். இங்கு அளவுகோலாக வைக்கப்பட்டது உயிர்க்கு நேரும் நன்மையும் தீமையுமே யாம். கலத்தின் குலமும் கையின் குலமும் அவ்விலக்கணத்துள் இடம்பெறவில்லை. திருக்குறளிற் புலான்மறுத்தல் 26-ஆம் அதிகாரமாகவும், கொல்லாமை 33-ஆம் அதிகாரமாகவும் அமைந்து ஒன்றையொன்று விளக்குதலும், திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் இவ்விரண்டும் இடம்பெறுதலும் இக்கருத்திற்கு அரணாம். ஊன் விலக்கப்பட்டது கொலை விலக்கப்பட்டமையான் என்க.

இனி, இக்கோல்கொண்டு தீட்டச்சத்தை அளந்து காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். சிவாலயத்தில் முழங்கும் தவிலும் மத்தளமும் தோலாற் போர்க்கப்பட்டவை. ஆதனூரில் தோன்றிய திருநாளைப்போவார், திருக்கோயில்களின் பேரிகை முதலிய கருவிகட்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் உதவிய தொண்டினைச் சேக்கிழார் பெரியபுராணத்துள் போற்றியுரைத்தார். தோலை இறைவன் திருமுன் ஏற்றுக்கொண்டு, அத்தோலைத் தந்தவரை வாயிலின்கண் நிறுத்திய கொடுமையும் அவர் வரலாற்றிலேயே காணப்படுகின்றது. அப்பரடிகளோ தம் தாண்டகமொன்றில், பசுவின் தோலுரித்து உண்பவராயினும் கங்கையைச் சடையில் மறைத்த இறைவற்கு அன்பராயின் அவரே தாம் வணங்குங் கடவுளாவார் என உறுதிகூறினார்.

அற்றேல், ஊனுண்ணலும் குற்றமன்று என்பது பெறப்படுமன்றோ எனின், அற்றன்று. ஊனுண்ணலைச் செயல் என்று கண்டு விலக்கிய நெறியே, உண்பாரை உயிர் என்று கண்டு வணங்கவும் பணித்தது. செயலை நீக்குதல் வேறு. உயிரை இகழ்தல் வேறு. வினைப்பயனை நுகருங்கால் எழும் விருப்பு வெறுப்புகளே ஏறுவினையாகிய ஆகாமியத்திற்கு வித்தாகும் என்பது சித்தாந்தத் துணிபு. தோற்சாலையில் நாள்முழுதும் உப்பிலும் சுண்ணாம்பிலும் கையிட்டு உழைத்து வரும் ஒருவனைக் கண்டு முகஞ்சுளிப்பவன், ஊனை வாயாற் கொள்ளாதவனாயினும், வெறுப்பை மனத்தாற் கொண்டவனாவன். விரதத்தாற் போக்கக் கருதிய வினையினும் மிக்கதொரு வினையை அவன் தேடிக்கொள்கின்றான். தன் தூய்மை பற்றிய செருக்கு ஆணவத்தின் செயலே யன்றோ?

அடுத்து, கொலைபற்றிய ஐயம் ஆராயப்படும். தோல் ஊனுக்காகக் கொல்லப்பட்ட விலங்கினின்று எஞ்சியதே. ஆகலின் தோல் கொள்வார்க்குக் கொலையிற் பங்கில்லை என்பாருளர். உண்பார் இல்லையாயின் விற்பாரும் இலர் என்னும் திருவள்ளுவர் கருத்து இவ்விடத்தும் செல்லும். தோலுக்குக் கிடைக்கும் விலையும் விலங்கின் விலையில் ஒரு கூறாகலின், பங்கு சிறிதாயினும் இல்லையாகாது. இதனை உணர்ந்தோர் துணியாலும் பிற பொருளாலும் ஆகிய காலணியைக் கொள்ளலாம். இது செயற்கரியதன்று.

பாலின் திறம் இதனினும் அரியது. 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் பாலும் முட்டையும் உட்பட விலங்கின்வழிப் பெறும் யாவற்றையும் நீத்து, அவ்வொழுக்கத்திற்கு வீகன் எனப் பெயரிட்டனர். அதனைத் தமிழில் நனிசைவம் என வழங்குவர். பாலும் நெய்யும் ஆனைந்தும் கொண்டு இறைவனை ஆட்டும் மரபினர்க்கு இவ்வொழுக்கம் ஒரு வினாவை எழுப்புகின்றது. பால் வற்றிய பசுவும் பாலுதவாத ஆண்கன்றும் பலவிடத்தும் சந்தைக்கே செலுத்தப்படுகின்றன. சந்தையினின்று செல்லும் வழியின் முடிவில் தோற்சாலை நிற்கின்றது. பாற்குடம் ஏந்துவார் இதனைக் காணாததுபோல இருத்தல் தகாது. பசுவின் பாலைக் கொள்வான் அதன் முதுமையையும் ஏற்கக் கடவன். ஏற்க இயலாதவன் பாலைக் குறைத்தலும் விடுத்தலும் குற்றமாகா. பச்சிலையும் நீரும் இட்டு வழிபடுதல் சைவநெறிக்குப் புதிதன்று.

இவ்வாறு ஆராயுங்கால், இப்பகுதியில் அஞ்சற்பாலதாகிய பெருந்தீமை வேறொன்று உளது என்பது தோன்றும். தோற்சாலைக் கழிவுநீர் பல்லாண்டுகளாகப் பாலாற்றிலும் வயல்களிலும் கிணறுகளிலும் கலந்தது. இதுபற்றி வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோகிராம் தோலைப் பதனிட்டு முடித்தற்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்பதும், தோற்றொழில் நிகழும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஒரு பகுதியோ பயிரிடத் தகாததாயிற்று எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர் என்பதும் அத்தீர்ப்பிற் குறிக்கப்பட்டன. கேடு வருமுன் காத்தல், கெடுத்தவரே ஈடு செய்தல் என்னும் இரு நெறிகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாம் என அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், இராணிப்பேட்டையில் தோற்சாலைக் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் அமிழ்ந்து மாண்டனர்.

இலையில் இட்ட சோறு புலால் கலவாததே யாயினும், அதனை விளைத்தவன் நிலமிழந்து நின்றானாயின், அந்நீரைப் பருகிய உயிர்கள் நலிந்தனவாயின், அங்கும் அகிதம் நிகழ்ந்ததே யாம். பக்கத்து வீட்டு அடுப்பிலெழும் புகைக்கு அஞ்சிச் சாளரத்தை அடைப்பவர், ஊர்க்கிணற்றின் உவர்ப்புக்கு ஒன்றும் செய்யாதிருத்தல், அச்சத்தை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தலாம். அருளிற் பிறந்த ஐயம் செயலாக மாறும். வெறுப்பிற் பிறந்த ஐயம் உள்ளேயே சுழன்று உயிரை அரிக்கும்.

எஞ்சியது உடம்புபற்றிய ஐயம். இதற்கு வேண்டுவது அறிவே. பருப்பு, பயறு, கடலை, எள், கீரை, கேழ்வரகு ஆகியவற்றை அளவறிந்து உண்பார்க்குப் புரதமும் சுண்ணச்சத்தும் பெரும்பாலும் குறைவுறா. கீரையொடு எலுமிச்சை, நெல்லி முதலியவற்றைச் சேர்த்தலும், உண்டவுடன் தேநீர் பருகாமையும் இரும்புச்சத்து உடம்பிற் சேர்தற்கு உதவும். பி12 என்னும் வைட்டமின் மட்டும் மரக்கறியுணவில் நம்பத்தகும் அளவிற் கிடைப்பதன்று. வளர்ந்தார்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 2 முதல் 2.5 மைக்ரோகிராம் அளவே. பால் உண்பார்க்கு அஃது ஓரளவு கிடைக்கும். நனிசைவர் அதனை மாத்திரையாகவோ அச்சத்து ஊட்டப்பெற்ற உணவாகவோ கொள்ளுதல் இன்றியமையாதது. அம்மாத்திரையின் சத்து நுண்ணுயிர்களைக் கொண்டு நொதித்தல் முறையால் ஆக்கப்படுவது, ஊனினின்று எடுக்கப்படுவதன்று. கூட்டுறையில் ஐயமுடையார் உறையில்லாத மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். உறையிலிட்டு விற்கும் உணவுகளில் 2001-ஆம் ஆண்டு முதல் இடப்பெறும் பச்சை வட்டக் குறி, ஊன் கலவாமையை அறிவிக்கும். பால் கலத்தலை அது தடுப்பதன்று. 2022-ஆம் ஆண்டில் நனிசைவ உணவிற்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. குறியைப் பார்த்து வாங்கியபின் அதன்மேலும் ஐயுற்றிருத்தல் பயனற்றது.

அங்ஙனம் பார்த்தும் மனம் அமையாது, உணவின் தூய்மையையே நாள்முழுதும் எண்ணி, பிறரொடு உண்ண அஞ்சி, உடல் மெலிவாருமுளர். 1997-ஆம் ஆண்டில் ஸ்டீவன் பிராட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் இந்நிலைக்கு ஆர்த்தோரெக்சியா எனப் பெயரிட்டார். இவ்வாறு மெலிவாரை விரதத்திற் சிறந்தாரெனப் புகழ்தலும், பித்தரென இகழ்தலும் தவறாம். மருத்துவரிடத்தும் மனநூல் வல்லாரிடத்தும் அவரை அழைத்துச் சேறலே இதம். அறியாது நேர்ந்த கலப்பிற்காக ஒருவர் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளுதலும் ஓர் உயிர்க்குச் செய்யும் அகிதமே. வருந்துகின்ற அவ்வுயிரும் இறைவன் உடைமையன்றோ? அறிந்து செய்யாமையில் உறுதியும், அறியாது நேர்ந்ததில் அமைதியும் ஒருங்கு வேண்டப்படும்.

திருமூலர் யாவர்க்கும் எளியனவாக நான்கு கடமைகளைக் கூறினார். இறைவற்கு ஒரு பச்சிலை இடுதலும், பசுவிற்குச் சிறிது புல் ஈதலும், தாம் உண்ணுமுன் பிறர்க்கு ஒரு பிடி அளித்தலும், பிறரொடு இனிய சொற் பேசுதலும் அவையாம். இவற்றுள் உணவு அச்சத்தொடு கூறப்படாது, ஈகையொடும் இன்சொல்லொடும் சேர்த்துக் கூறப்பட்டமை நோக்கற்பாலது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஊன்மறுத்த ஒருவர், தோற்சாலையினின்று பசியொடு வரும் அயலாற்குத் தம் இலையினின்று ஒரு பிடி சோற்றை இன்சொல்லொடு அளிப்பாராயின், அந்நாளில் அவர் விரதம் குறைவுற்றதாகாது, நிறைவுற்றதே யாகும்.